திருத்த வேலை நடைபெறும் நாட்களில் தீயிலிருந்து காப்பது யார்?

மன்னார் தீவையும் அதனை அண்டிய கரையோரத்தையும் இன்று காண்போருக்கு, போர்க்காலத்து மன்னாரை நினைவில் கொண்டுவருவது சற்றுக் கடினமாகவே இருக்கும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் தத்தமது ஊர்களுக்குத் திரும்பி வாழ்வை மீளக் கட்டியெழுப்பி வந்துள்ளனர். 2010 மார்ச்சில் தீவையும் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கான ரயில் சேவை மீண்டும் ஆரம்பமானது. இவற்றைத் தொடர்ந்து, கிடுகுக் கொட்டில்கள் இருந்த இடங்களில் மாடிக் கட்டடங்கள் எழுந்தன. வங்கிகள், விடுதிகள், திருமண மண்டபங்கள், ஐஸ் தொழிற்சாலைகள், பாடசாலைகளின் புதிய வகுப்பறைத் தொகுதிகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே செல்கின்றது.

கட்டடங்கள் வளரும்போது அவற்றுடன் தீப்பாதுகாப்பு ஏற்பாடுகளும் வந்து சேருகின்றன. சுவரில் சிவப்பு நிறத் தீயணைப்பான், கூரையில் புகை உணரி, படிக்கட்டருகே அபாயமணி, மேலே நீர்த்தாங்கி, கீழே பம்பி, பின்புறம் ஓர் அவசர வாசல் ஆகியன அவற்றுட் சில. இவை பொருத்தப்பட்டுள்ளனவா என்று கேட்பதற்குச் சட்டமும் அதிகாரிகளும் உண்டு. ஆனால் நாம் இங்கு கேட்க விரும்புவது வேறொரு கேள்வியாகும். இவை இயங்காத நாட்களில் நாம் என்ன செய்கின்றோம்?

எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் என்றாவது ஒருநாள் நிறுத்தப்பட்டே ஆகவேண்டும். நீர்த்தாங்கியைக் கழுவும்போது அது வெறுமையாக இருக்கும். கடற்காற்றின் உப்பினால் துருப்பிடித்த குழாயை மாற்றும்போது வால்வை மூட வேண்டியிருக்கும். சுவருக்கு வர்ணம் பூசுவோர் புகை உணரிகளைப் பொலித்தீனால் மூடிக் கட்டுவர். தீயணைப்பான்கள் மீள நிரப்புவதற்காக வெளியூருக்கு அனுப்பப்படும். பம்பியின் மோட்டார் எரிந்துபோனால் புதியது வரும்வரை காத்திருக்க வேண்டும். இவையெல்லாம் குற்றங்கள் அல்ல. பராமரிப்பு நடைபெறும் கட்டடத்தில்தான் இவ்வாறான நாட்கள் வரும். நிறுத்தப்பட்டிருக்கின்றது என்பதை எவருக்கும் சொல்லாமலும், நிறுத்தப்பட்டதற்குப் பதிலாக வேறொன்றை வைக்காமலும் இருந்துவிடுவதே குற்றமாகும். பாதுகாப்பு இல்லாத கட்டடத்தில் இருப்பவன் ஓரளவு எச்சரிக்கையுடன் நடந்துகொள்வான். பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவனோ நிம்மதியாக உறங்கிவிடுவான்.

இது வெறும் அச்சுறுத்தல் அல்ல என்பதற்கு உலகின் பல பாகங்களிலும் சான்றுகள் உண்டு. 1988 மே 4ஆம் திகதி இரவு அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கியின் 62 மாடிக் கட்டடத்தில் 12ஆவது மாடியில் தீப்பற்றியது. அந்தக் கட்டடத்தில் அப்போது தானியங்கி நீர்த்தெளிப்பு அமைப்பு பொருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 90 வீதமான வேலைகள் முடிந்துமிருந்தன. ஆயினும் நீரோட்டத்தை அறிவிக்கும் அபாயமணிகள் இணைக்கப்படவில்லை என்ற காரணத்தினால் வால்வுகள் மூடியே வைக்கப்பட்டிருந்தன. தலைக்கு மேலே குழாய்கள் இருந்தும் அவற்றினுள் நீர் இல்லை. புகை உணரிகள் எழுப்பிய ஒலியைக் கடமையிலிருந்தோர் தவறான சமிக்ஞை எனக் கருதி நிறுத்தினர். என்னவென்று பார்த்துவர மின்தூக்கியில் மேலே சென்ற பராமரிப்பு ஊழியர் ஒருவர் உயிருடன் திரும்பவில்லை. தீயணைப்புப் படைக்கு முதலில் தகவல் கொடுத்தவர்கள் கட்டடத்திற்கு வெளியே இருந்தவர்களேயாவர். 380க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடியும், ஐந்து மாடிகள் முற்றாக எரிந்த பின்னரே தீ கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

அதே ஆண்டு ஜூலை 6ஆம் திகதி வட கடலில் நிகழ்ந்த பைப்பர் அல்ஃபா எண்ணெய் மேடை அனர்த்தம், கரையோர மக்களாகிய எமக்கு இன்னும் நெருக்கமான பாடமொன்றைச் சொல்கின்றது. அந்த மேடையின் தீயணைப்புப் பம்பிகள் கடல்நீரை உறிஞ்சியெடுப்பவை. மேடையின் கீழே சுழியோடிகள் வேலை செய்யும் வேளையில் பம்பி திடீரென இயங்கினால், உறிஞ்சு குழாய் அவர்களையும் இழுத்துவிடக்கூடும். ஆகவே சுழியோடிகள் கடலில் இறங்கும் நேரங்களில் பம்பிகளைத் தானாக இயங்காத நிலைக்கு மாற்றிவிடுவது அங்கு வழக்கமாயிருந்தது. சங்கு குளிப்போரையும் அட்டை பிடிக்கச் சுழியோடுவோரையும் கொண்ட மன்னாருக்கு இக்காரணத்தின் நியாயம் எளிதில் விளங்கும். ஆனால் அன்றிரவு வெடிப்பு நிகழ்ந்தபோது பம்பிகள் தாமாக இயங்கவில்லை. அவற்றைக் கையால் இயக்கவென்று புகைக்குள் சென்ற இருவர் மீண்டு வரவேயில்லை. அந்த அனர்த்தத்தில் 167 பேர் உயிரிழந்தனர்.

அந்த வெடிப்பின் மூலகாரணமும் இதே வகையைச் சேர்ந்ததே. எரிவாயுத் திரவத்தைச் செலுத்தும் பம்பியொன்றின் பாதுகாப்பு வால்வு, திருத்த வேலைக்காகப் பகலில் கழற்றப்பட்டிருந்தது. அச்செய்தி இரவுக் கடமைக்கு வந்தோரைச் சென்றடையவில்லை. மற்றைய பம்பி பழுதடைந்தபோது, அவர்கள் வால்வு இல்லாத பம்பியை இயக்கினர். எரிவாயு கசிந்து வெடித்தது. பின்னர் கல்லன் பிரபு தலைமையில் நடைபெற்ற விசாரணை 1990இல் 106 பரிந்துரைகளை முன்வைத்தது. மன்னார்க் கடற்படுகையிலும் 2011இல் எரிவாயு இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அது என்றேனும் அகழப்படுமாயின் இந்தப் பாடம் எமது கடலுக்கும் உரியதாகிவிடும். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பகற்கடமையில் உள்ளவர் அறிந்த ஒன்றை இரவுக்கடமையில் உள்ளவர் அறியாதிருப்பது எமது வைத்தியசாலைகளிலும் விடுதிகளிலும் ஐஸ் தொழிற்சாலைகளிலும் இன்றும் நிகழக்கூடியதே.

வைத்தியசாலை என்றதும் 2011 டிசெம்பர் 9ஆம் திகதி அதிகாலையில் கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. வைத்தியசாலையில் நிகழ்ந்த துயரம் நினைவுக்கு வருகின்றது. வாகனத் தரிப்பிடமாக இருக்க வேண்டிய நிலக்கீழ்த் தளத்தில் எரியக்கூடிய பொருட்கள் குவிக்கப்பட்டிருந்தன. அங்கு எழுந்த புகை, குழாய்ப் பாதைகளூடாக நோயாளர் விடுதிகளுக்கு ஏறியது. கண்ணாடியால் மூடப்பட்ட கட்டடத்தில் புகை வெளியேற வழியிருக்கவில்லை. நோயாளர்களை உரிய நேரத்தில் எழுப்பியிருக்க வேண்டிய ஏற்பாடுகள் பயன்படவில்லை. அயலிலுள்ள சேரியில் வசித்தோர் புகையைக் கண்டு ஓடிவந்தபோது, காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பியதாகச் செய்திகள் வெளிவந்தன. 90க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகையே. கேரளத்தைச் சேர்ந்த இளந்தாதியர் இருவர் பல நோயாளர்களைக் காப்பாற்றிவிட்டுத் தாம் உயிரிழந்தனர். இயந்திரங்கள் செய்யத் தவறிய கடமையை இரண்டு பெண்பிள்ளைகள் தமது உயிரைக் கொடுத்துச் செய்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்னும் அண்மையில், மன்னாருக்கு எதிர்க்கரையில் நிகழ்ந்ததையும் இங்கு குறிப்பிட வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, இரு கரைகளிலும் வாழும் முஸ்லிம்களும் இந்துக்களும் நன்கறிந்த தலமாகும். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலை, அங்கு மனநோயாளர்களைத் தங்கவைத்திருந்த ஓலைக்கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அங்கு செயலிழக்கச் செய்வதற்கு அபாயமணியோ பம்பியோ இருக்கவில்லை. செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது மனிதனின் கால்களே. வெளியேறும் வழியும் ஒரு தீப்பாதுகாப்பு ஏற்பாடுதான், எல்லாவற்றிலும் முதன்மையான ஏற்பாடும் அதுதான் என்பதை ஏர்வாடி எமக்கு உணர்த்தியது.

இந்த உதாரணங்களைக் கண்டு, அவையெல்லாம் வானளாவிய கட்டடங்களுக்கும் எண்ணெய் மேடைகளுக்கும் உரியவை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மன்னாரின் நிலைமை சில வகைகளில் அவற்றைவிடக் கடினமானது. தீவுக்குள் வருவதற்குத் தரைவழி ஒன்றேயுண்டு. தள்ளாடியிலிருந்து கடலை ஊடறுத்து வரும் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான அந்த வழியாகவே வெளியுதவி அனைத்தும் வரவேண்டும். வவுனியாவிலிருந்து புறப்படும் வாகனமொன்று சுமார் 80 கிலோமீற்றரைக் கடக்க வேண்டும். மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்கு மேலும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், தீவின் தென்கரையில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று ஒரு தீப்பொறியையும் வளர்த்துவிடும். மணற்பாங்கான தீவில் நன்னீர் எப்போதுமே அருமையானது. உப்புக்காற்றோ இரும்பை ஓய்வின்றி அரித்துக்கொண்டிருக்கின்றது. பெருநகரத்தில் வெளியுதவி வரும்வரையான சில நிமிடங்களைத் தாக்குப்பிடித்தால் போதுமாயிருக்கலாம். இங்கு அந்த நேரம் மிக நீளமானது. எனவே கட்டடத்தின் சொந்தப் பாதுகாப்பு இயங்காத ஒவ்வொரு மணித்தியாலமும் இங்கு அதிக ஆபத்தைக் கொண்டதாகின்றது.

மின்சாரத் தடையையும் இதனுடன் சேர்த்தே நோக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையிலான மின்வெட்டை அனுபவித்தது. மின்பிறப்பாக்கிக்கு ஊற்ற டீசலும் கிடைக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றினால் ஏற்பட்டதாகக் கூறப்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. மின்சாரத்தில் மாத்திரம் இயங்கும் பம்பி அவ்வேளைகளில் வெறும் இரும்புத் துண்டேயாகும். அபாயமணியின் மின்கலம் பழுதடைந்திருந்தால் அதுவும் ஊமையாகிவிடும். மின்சாரம் இல்லாத வேளையிலோ வீடுகளிலும் கடைகளிலும் மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் ஏற்றப்படுகின்றன. அதாவது பாதுகாப்புக் குறையும் அதே நேரத்தில் ஆபத்து அதிகரிக்கின்றது.

இவ்வாறான நாட்களை எதிர்கொள்வதற்கு உலகளாவிய ரீதியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையொன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதிகள் இதற்குக் கால எல்லையையே வகுத்திருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் 4 மணித்தியாலத்துக்கு மேல் அபாயமணி அமைப்பு இயங்காதிருந்தாலோ, 10 மணித்தியாலத்துக்கு மேல் நீர்த்தெளிப்பு அமைப்பு இயங்காதிருந்தாலோ, சாதாரண நிலை தொடர அனுமதியில்லை. தீக்கண்காணிப்புக்கென ஆளை நியமிக்க வேண்டும். அல்லது கட்டடத்திலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டும். இவ்விதிகள் எமது நாட்டுச் சட்டமல்ல. எனினும் அவற்றின் பின்னாலுள்ள எண்ணத்தைப் பின்பற்றுவதற்குப் பெரும் பணமோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை.

முதலாவதாக, பொறுப்பாளி ஒருவர் இருக்க வேண்டும். அதிபரோ முகாமையாளரோ நம்பிக்கையாளர் சபை உறுப்பினரோ, அவர் யாராயினும் ஒருவரே இருக்க வேண்டும். அவரது அனுமதியின்றி எந்த வால்வும் மூடப்படலாகாது. எந்த மணியும் நிறுத்தப்படலாகாது. எல்லோரும் பொறுப்பு என்றால் எவரும் பொறுப்பல்ல என்பது நாம் பட்டறிந்த உண்மை.

இரண்டாவதாக, நிறுத்தும் காலத்தைக் குறுக்க வேண்டும். புதிய மோட்டாரும் குழாயும் வேலையாளும் வந்து சேர்ந்த பின்னரே பழையதைக் கழற்ற வேண்டும். முதலில் கழற்றிவிட்டுப் பின்னர் உதிரிப்பாகத்துக்காகக் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருப்பது பெருந்தவறாகும். தீயணைப்பான்கள் அனைத்தையும் ஒரே நாளில் நிரப்புவதற்கு அனுப்பாமல், பாதியை அனுப்பி அவை திரும்பிய பின்னர் மறுபாதியை அனுப்பலாம். நாட்களைத் தெரிவுசெய்வதிலும் கவனம் வேண்டும். றமழான் இரவுத் தொழுகைக்காகப் பள்ளிவாசல் நிறைந்திருக்கும் நாட்களிலோ, மடுத் திருவிழாவுக்கும் திருக்கேதீச்சரச் சிவராத்திரிக்கும் வந்தோரால் விடுதிகள் நிரம்பியிருக்கும் நாட்களிலோ இவ்வேலைகளை வைத்துக்கொள்ளலாகாது.

மூன்றாவதாக, அறிவிக்க வேண்டும். கட்டடத்தில் உள்ளோருக்கும் அயலவருக்கும் தீயணைப்புச் சேவைக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்தப்பட்ட கருவியின் மீதே, எது நிறுத்தப்பட்டது, எப்போது, ஏன், யாரால் என்று எழுதிய சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் ஒன்றாக வேலைசெய்யும் இடங்களில் அது இரு மொழிகளிலும் இருப்பது அவசியம். கடமை மாறும்போது அச்செய்தி பதிவேட்டில் எழுதப்பட்டு, வாயாலும் சொல்லப்பட வேண்டும். பைப்பர் அல்ஃபாவில் தவறிப்போனது இந்த ஒரு படியே.

நான்காவதாக, பதிலாக ஒன்றை வைக்க வேண்டும். தாங்கி வெறுமையாக இருக்கும் நாளில் நீர் நிரப்பிய பவுசரையோ பீப்பாய்களையோ வாளிகளையோ ஆயத்தமாக வைக்கலாம். மேலதிகத் தீயணைப்பான்களை இரவல் பெறலாம். வெல்டிங், இரும்பு வெட்டுதல் போன்ற தீப்பொறி பறக்கும் வேலைகளை அந்நாட்களில் அறவே தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதவிடத்து, வேலை முடிந்த பின்னரும் குறைந்தது ஒரு மணித்தியாலம் ஒருவர் அவ்விடத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். எரிபொருள், வலைகள், றெஜிபோம் பெட்டிகள், பழைய கடதாசிகள் ஆகியவற்றை அகற்ற வேண்டும். எழுந்து நடக்க முடியாத நோயாளர்கள் உள்ள வைத்தியசாலையில், ஒரு விடுதியின் ஏற்பாட்டை மட்டும் நிறுத்தி ஏனையவற்றை இயங்கவிட்டு, அன்றிரவு அவ்விடுதிக்கு மேலதிக ஊழியர்களை நியமிப்பதே முறையாகும். எக்காரணம் கொண்டும் வெளியேறும் வாசலை அடைக்கலாகாது. தொழிற்சாலைக்குள் ஆட்கள் இருக்கும்போது வாசல்களைப் பூட்டலாகாது என்பதை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமே எமது நாட்டில் வலியுறுத்துகின்றது.

இறுதியாக, மீட்க வேண்டும். வேலை முடிந்ததும் வால்வு திறக்கப்பட்டதா, பம்பி தானாக இயங்குகின்றதா, மணி ஒலிக்கின்றதா, உணரிகளை மூடிய பொலித்தீன் அகற்றப்பட்டதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே சிவப்பு அட்டையைக் கழற்ற வேண்டும். ஒப்பந்தகாரர் காசைப் பெற்றுக்கொண்டு போன பின்னர் மூடிய வால்வு மாதக்கணக்கில் மூடியே கிடக்கக்கூடும். தீ வரும்வரை அதை எவரும் அறியார்.

இவற்றுள் மிக முக்கியமான அம்சம் தீக்கண்காணிப்பாளரே என நாம் கருதுகின்றோம். எமது பகுதிகளில் இப்பொறுப்பு இயல்பாகவே இரவுக் காவலாளியின் தலையில் விழுகின்றது. அவர் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர். சொற்பச் சம்பளத்துக்கு ஒரு மின்சூளுடன் விடியும்வரை விழித்திருப்பவர். இன்றிரவு மணி ஒலிக்காது என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. வாசலில் வாகனங்களுக்குப் படலை திறப்பதும் அவரே. தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் அவரே. கண்காணிப்பாளர் என்பவருக்கு அவ்வேலையைத் தவிர வேறெதுவும் தரப்படலாகாது. அவர் எல்லா மாடிகளையும் குறித்த இடைவெளிகளில் சுற்றிவர வேண்டும். எல்லா வாசல்களின் திறப்புகளும், மீதி உள்ள கைத்தொலைபேசியும், அழைக்க வேண்டிய இலக்கங்களும் அவரிடம் இருக்க வேண்டும். புகையைக் கண்டால் முதலில் எல்லோரையும் எழுப்பிவிட்டு உதவியை அழைக்க வேண்டுமேயன்றி, தனியே மேலே சென்று பார்க்கலாகாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸில் மின்தூக்கியில் ஏறிச் சென்றவரின் கதி எமது ஊர்க் காவலாளிக்கு நேரலாகாது. முதலாளியிடம் கேட்காமலேயே தீயணைப்புப் படையை அழைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதும், அது பொய்ச் சமிக்ஞையாகவே இருந்தாலும் அவரை எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள் என்பதும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். ஏச்சுக்குப் பயந்து தயங்கும் ஐந்து நிமிடங்களில் ஒரு மாடி முழுவதும் புகையால் நிறைந்துவிடும்.

மன்னார் நகர சபையும் பிரதேச சபைகளும் மாவட்டச் செயலகமும் இவ்விடயத்தில் செய்யக்கூடியவை உண்டு. கட்டட அனுமதி வழங்கும்போதே, பாதுகாப்பு ஏற்பாடு நிறுத்தப்படும் நாட்களுக்கான ஒரு பக்கத் திட்டத்தையும் கோரலாம். நிறுத்தத்தை அறிவிப்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கத்தைப் பொதுமக்களுக்குத் தெரியப்படுத்தலாம். அறிவிப்பவரைத் தண்டிக்காமல் அவருக்கு ஆலோசனை வழங்கும் வழக்கத்தை உண்டாக்கலாம். ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், பங்குச் சபைகள் ஆகியன தமது மண்டபங்களிலிருந்தே இதனை ஆரம்பித்து வைக்கலாம். தீக்கு இனமோ மதமோ கிடையாது. அதனைத் தடுக்கும் முயற்சியும் அவ்வாறே அமைய வேண்டும்.

பல்லாண்டு இழப்புகளுக்குப் பின்னர் மன்னார் மக்கள் தமது கைகளால் மீளக் கட்டிய சுவர்கள் இவை. அவற்றுள் உறங்கும் நோயாளரும் மாணவரும் பயணிகளும் தமக்கு மேலுள்ள கருவி இன்றிரவு இயங்குகின்றதா என்று அறியமாட்டார்கள். அதனை அறிந்த ஒருவராவது விழித்திருப்பதை உறுதிசெய்வது, அக்கட்டடங்களுக்குப் பொறுப்பானவர்களின் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும் என்பதை நாம் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.